கீழே விழுந்தால் நின்றுவிடும்தானே, சார்?

நான் கல்லூரியிலிருந்து ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, முதுகலை இயற்பியல் வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் சொன்னேன். அந்த ஒரு சொல் இன்றுவரை என்னை விட்டபாடில்லை. அவன் சதுரங்கப்பட்டினத்துக்காரன். வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் கல்பாக்கத்துக் கட்டடங்கள் தெரியும் என்று பெருமையும் கவலையும் கலந்த குரலில் சொல்வான். அன்று ஃபுகுஷிமாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நீர் இல்லாமல் போனால் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க ஆளில்லை, ஆகவே எரிபொருள் உருகிக் கீழே சரிந்தாலும், நியூட்ரான்கள் அணுக்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிளந்துகொண்டே போகும் தொடர்வினை மீண்டும் பற்றிக்கொள்வது அரிது, மிஞ்சுவது கதிரியக்கச் சிதைவின் வெப்பம்தான் என்று கரும்பலகையில் எழுதி முடித்தேன். அவன் எழுந்து, "அப்படியென்றால் எங்கள் ஊரில் கட்டுகிறார்களே சோடியம் உலை, அதிலும் எரிபொருள் உருகிக் கீழே விழுந்தால் தொடர்வினை நின்றுவிடும்தானே, சார்?" என்று கேட்டான். மணி அடித்துவிட்டது. நான் ஆமாம் என்று தலையசைத்துவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

தவறு என்பது அன்றிரவே உறைத்தது. நீரைப் பற்றிச் சொன்ன நியாயத்தை நீரே இல்லாத ஓர் உலைக்கு அப்படியே தூக்கி வைத்துவிட்டிருந்தேன். அவன் கேட்டது வேக ஈனுலையைப் பற்றி; அதைக் குளிர்விப்பது உருகிய சோடியம். அங்கே நியூட்ரான்களின் வேகத்தைத் தணிப்பதற்கென்று எதுவும் கிடையாது. வேகமான நியூட்ரான்களைக் கொண்டே தொடர்வினை நடக்க வேண்டும் என்பதுதான் அதன் அமைப்பு. எனவே சோடியம் போய்விட்டால் தொடர்வினை நின்றுவிடும் என்ற உத்தரவாதம் அங்கே இல்லை. எரிபொருள் அடுக்கியிருக்கும் உலை மையத்தின் நடுப்பகுதியில் சோடியம் கொதித்து வெற்றிடம் உண்டானால், நியூட்ரான்களின் வேகம் இன்னும் கூடி, தொடர்வினை வலுக்கவும் கூடும்.

அதைவிட முக்கியமானது வடிவம். கல்பாக்கத்தின் முன்மாதிரி வேக ஈனுலையையே எடுத்துக்கொள்வோம். 6.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள எரிகோல்கள் 217 சேர்ந்தது ஒரு கற்றை. அப்படி 181 கற்றைகள். எரிகோல்களுக்குள் யுரேனியம், புளூட்டோனியம் ஆகியவற்றின் கலப்பு ஆக்சைடு இருக்கிறது. புளூட்டோனிய ஆக்சைடின் பங்கு 21 முதல் 28 விழுக்காடு வரை. கோல்களுக்கு இடையே சோடியம் மேல்நோக்கி ஓடுகிறது; 397 டிகிரி செல்சியஸில் நுழைந்து 547 டிகிரியில் வெளியேறுகிறது. அந்த மையத்தின் கன அளவில் எரிபொருளின் பங்கு பாதிக்கும் குறைவு. மீதியெல்லாம் எஃகும் சோடியமும்தான். நீர் உலையில் எரிகோல்களின் இடைவெளி, தொடர்வினைக்கு ஏறக்குறைய உகந்த அளவில் அமைந்திருக்கிறது. குலைந்தால் பெரும்பாலும் குறையவே செய்யும். வேக உலையிலோ அந்த இடைவெளி குளிர்விப்பதற்காக விட்டது. கோல்கள் நெருங்கினால், உருகி ஒன்றுகூடினால், தொடர்வினைக்கு இன்னும் உகந்த வடிவம் அமைந்துவிடும். ஆகவே மாணவன் கேட்டதற்குச் சரியான பதில், "எங்கே விழுகிறது, எப்படி விழுகிறது என்பதைப் பொறுத்தது" என்பதாக இருந்திருக்க வேண்டும். பதிலாகப் பார்த்தால் அது ஒரு மழுப்பலைப் போலத் தோன்றும். ஆனால் 1950களிலிருந்து வேக உலைகளின் விபத்து ஆராய்ச்சி முழுவதும் அந்த மழுப்பலுக்குள் இருக்கும் இரண்டு வினாச் சொற்களுக்குப் பதில் தேடியதன் வரலாறுதான்.

காகிதத்தில் சரிந்த உலை

1956இல் அமெரிக்க இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தேயும் டெய்ட் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளரும் ஒரு கணக்குப் போட்டார்கள். சோடியம் முழுவதும் போய்விட்டது, எரிபொருள் உருகிவிட்டது, மேலே இருப்பது புவியீர்ப்பால் கீழே இருப்பதன் மேல் சரிகிறது என்று வைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? நெருங்க நெருங்கத் தொடர்வினை கட்டுமீறிப் போகும். எரிபொருளே ஆவியாகி, அந்த அழுத்தம் மையத்தைப் பிய்த்தெறியும். பிய்ந்தவுடன் தொடர்வினை அடங்கும். அதற்குள் எவ்வளவு ஆற்றல் வெளிப்பட்டிருக்கும் என்பதுதான் கேள்வி. அணுகுண்டோடு ஒப்பிட்டால் மிக மிகச் சிறியது. உலைக் கலன் தாங்குமா என்று பார்த்தால் பெரியது. அன்று கணினி வசதி சொற்பம், ஆகவே அனுமானங்கள் கரடுமுரடானவை. எனினும் கலனும் அதன் மூடியும் எவ்வளவு அடியைத் தாங்க வேண்டும் என்று கேட்கும் வழக்கம் அங்கிருந்தே தொடங்கியது.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் ஒன்றே: அதில் பொருளுக்குக் குணம் கிடையாது. உருகிய எரிபொருள் ஒரு கல்லைப் போல நேராகக் கீழே விழுகிறது. நுரைப்பதில்லை, ஒட்டுவதில்லை, உறைவதில்லை, வழிமாறிப் போவதில்லை. அந்த அறிக்கை வருவதற்கு முந்தைய ஆண்டே உண்மையான உலை ஒன்று உருகிக் காட்டியிருந்தது. 1951 டிசம்பரில் அணு மின்சாரத்தால் நான்கு விளக்குகளை எரியவைத்துப் புகழ்பெற்ற, அமெரிக்காவின் ஐடஹோவில் இருந்த இபிஆர்-1 என்ற வேக உலையில், 1955 நவம்பர் 29 அன்று குளிர்விப்பானின் ஓட்டத்தை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு ஒரு சோதனை நடந்தது. வெப்பத்தில் எரிகோல்கள் உள்நோக்கி வளைந்ததால் தொடர்வினை வலுத்தது. நிறுத்தச் சொன்னபோது உலையை இயக்கியவர், தொடர்வினையை அடக்கும் கட்டுப்பாட்டுக் கம்பிகளைச் சட்டென விழவைக்கும் பொத்தானை விட்டுவிட்டு, மோட்டாரால் மெதுவாக நகர்த்தும் பொத்தானை அழுத்தினார். தவறு திருத்தப்படுவதற்குள் ஓரிரு வினாடிகள் கழிந்தன. மையத்தில் ஏறக்குறைய பாதி உருகிவிட்டது. பிறகு அதைப் பிரித்துப் பார்த்தபோது நடுவில் கெட்டியான உலோகக் கட்டி இல்லை; பஞ்சுபோல் துளைகள் நிறைந்த ஒரு நிறை இருந்தது. குளிர்விப்பானாக இருந்த சோடியம்-பொட்டாசியக் கலவை உருகிய யுரேனியத்துக்குள் கொதித்து, அதை நுரைக்கவைத்து விலக்கித் தள்ளியிருந்தது. காகிதத்தில் ஒன்றுகூடிய எரிபொருள் இங்கே கலைந்து போயிருந்தது. ஒரு சிறிய உலையில், உலோக எரிபொருளில் நடந்த இந்த ஒன்றை வைத்துக்கொண்டு எல்லா உலைகளுக்கும் ஆறுதல் சொல்லிவிட முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் பொருளுக்கு ஒரு போக்கு உண்டு என்பதை அது காட்டியது.

அந்தப் போக்கை நேரில் பார்க்கத்தான் பல நாடுகள் பெரும் பணம் செலவிட்டன. ஐடஹோவில் 1959இல் தொடங்கிய ட்ரீட் உலையில், எஃகுக் குழாய்க்குள் சோடியத்தில் மூழ்கியிருக்கும் எரிகோல் உருகி நகர்வதை, அதிலிருந்து வெளிவரும் வேக நியூட்ரான்களை வைத்தே படம்பிடித்தார்கள். பிரான்சின் கதராஷில் இருந்த காப்ரி உலையிலும் அதே தேடல் நடந்தது. அமெரிக்காவின் ஆர்கன்சாவில், செஃபோர் என்ற சிறிய உலை 1969 முதல் 1972 வரை, எரிபொருள் சூடேறும்போது அதுவே கூடுதல் நியூட்ரான்களை விழுங்கித் தொடர்வினையை அடக்கும் டாப்ளர் விளைவைச் செய்து காட்டியது. அந்த விளைவு இல்லாவிட்டால் ஆக்சைடு எரிபொருள் வேக உலையைப் பற்றி யாரும் நிம்மதியாகப் பேச முடியாது.

பாகுப் பதம்

கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிக்க என் மனைவி வெல்லம் காய்ச்சும்போது, ஒரு சொட்டுப் பாகைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு, கரையாமல் உருண்டையாகத் திரள்கிறதா, எடுத்துத் தட்டில் போட்டால் 'ணங்' என்கிறதா என்று பார்ப்பாள். ஒரு கார்த்திகையன்று அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், இத்தனை நாள் படித்தும் ஒரு கணக்கை நான் கையால் போட்டுப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் போட்டேன்.

இரண்டு பொருள்கள் திடீரென்று தொட்டுக்கொள்ளும்போது தொடும் இடத்தில் என்ன வெப்பநிலை நிலவும் என்பதை, இரண்டின் வெப்பங் கடத்தும் திறன், அடர்த்தி, வெப்பக் கொள்திறன் ஆகிய மூன்றின் பெருக்கலுக்கு வர்க்கமூலம் எடுத்து முடிவு செய்யலாம். யாருக்கு அந்த எண் பெரிதோ, அவர் பக்கம் தராசு சாயும். 2,850 டிகிரியில் உருகிய யுரேனிய ஆக்சைடையும் 450 டிகிரியில் இருக்கும் சோடியத்தையும் வைத்துப் பார்த்தேன். சோடியத்தின் எண் இரண்டு மடங்குக்கும் மேல். தொடும் இடத்தின் வெப்பநிலை 1,200 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக வந்தது. அது ஆக்சைடு உறையும் நிலைக்கு வெகு கீழே. அதாவது, தொட்ட கணமே குழம்பின் மேல் ஓடு கட்டிவிடும். சோடியத்தின் கொதிநிலை 883 டிகிரி என்பதால் அது கொதிக்கவும் செய்யும். ஆனால் ஒட்டுமொத்தமாக ஒரே கணத்தில் ஆவியாகி வெடிப்பதற்கு அந்த வெப்பநிலை போதாது. வார்ப்புப் பட்டறையில் அச்சுக்குள் ஈரம் இருந்தால் உருகிய இரும்பு வெடித்துச் சிதறும் என்பது தொழிலாளிகள் அனைவருக்கும் தெரியும். உருகிய ஆக்சைடும் சோடியமும் சேர்ந்தால் அந்த அளவுக்குப் பெருவெடிப்பு நேர்வது கடினம் என்று 1970களில் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் ஹான்ஸ் ஃபௌஸ்கே வாதிட்டதன் சாரம் ஏறக்குறைய இந்த நாட்காட்டித் தாளில் இருந்தது. பின்னாளில் இத்தாலியின் இஸ்ப்ராவில் நூறு கிலோவுக்கு மேற்பட்ட உருகிய ஆக்சைடைச் சோடியத்தில் ஊற்றிப் பார்த்தபோதும் பெருவெடிப்பு நிகழவில்லை. சிறு சிறு அழுத்த அதிர்வுகள் வரலாம், குழம்புக்குள் சிக்கிக்கொள்ளும் சோடியம் அதை உள்ளிருந்து உடைக்கலாம், அது வேறு.

உடைவது நல்லதுதான் என்று உடனே தோன்றும். துணுக்குகளானால் குளிர்வது எளிது. ஆனால் இங்கேயும் ஒரு பதம் இருக்கிறது. துணுக்குகள் மிகப் பொடியாகிவிட்டால், அடியில் ஆற்று வண்டல்போல நெருங்கிப் படிந்து, இடையில் சோடியம் புகுந்து ஏறியிறங்க வழியில்லாமல் போகும். சிதைவு வெப்பம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் வந்துகொண்டே இருப்பதால் உள்ளே வறண்டு மீண்டும் உருகத் தொடங்கும். படுகை ஓரிடத்தில் குவிந்து தடித்தாலும் ஆபத்து. அப்போது தொடர்வினைக் கணக்கு திரும்பவும் மேசைக்கு வந்துவிடும். கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், 70 டிகிரி அளவிலேயே உருகும் வுட்ஸ் மெட்டல் என்ற உலோகக் கலவையைத் தண்ணீரில் ஊற்றி, துணுக்குகள் எந்த அளவில் உடைகின்றன, படுகை எந்த வடிவில் குவிகிறது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். பாகைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பதன் அறிவியல் வடிவம் அது.

மிஷிகனில் ஒரு தகடு

இவ்வளவும் படித்த பிறகு, மாணவனுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதத் தொடங்கினேன். "விழுந்தால் பரவிப் போகும்படி அடியில் ஓர் ஏற்பாடு செய்துவிட்டால் போதும்" என்ற முடிவில் அதை நிறுத்த நினைத்திருந்தேன். அப்போதுதான் ஃபெர்மி-1 உலையின் கதையை முழுமையாக வாசித்தேன். கடிதம் அங்கேயே நின்றுபோனது.

மிஷிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்குத் தெற்கே மன்ரோ நகரத்தின் அருகில் எரி ஏரிக்கரையில் கட்டப்பட்ட சோடியம் வேக உலை அது. அதை வடிவமைத்தவர்களும் கண்காணித்தவர்களும் என் மாணவனின் கேள்வியைக் கேட்டுக்கொண்டவர்கள்தான்: யுரேனியம் உருகிக் கீழே விழுந்தால்? ஓரிடத்தில் தேங்கினால் தொடர்வினை மீளும். ஆகவே கலனின் அடியில், சோடியம் நுழையும் அறையில், கூம்பு வடிவில் ஓர் அமைப்பு வைத்தார்கள். குழம்பு அதன் மேல் விழுந்தால் சுற்றிலும் வழிந்து பரவும். ஆனால் உருகிய யுரேனியம் எஃகோடு சேர்ந்தால் இரண்டும் கலந்து இன்னும் குறைந்த வெப்பநிலையிலேயே உருகிவிடும். கூம்பே கரைந்துவிட்டால் என்ன பயன்? அதனால் கட்டுமானத்தின் பிற்பகுதியில், கூடுதல் பாதுகாப்பாக, கூம்பின் மேல் ஜிர்கோனியத் தகடுகளைப் பொருத்தினார்கள்.

1966 அக்டோபர் 5 அன்று உலையின் வெப்பத் திறனைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 200 மெகாவாட் வெப்பத்துக்கு வடிவமைத்த உலை அது; அப்போது ஓடிக்கொண்டிருந்தது 31 மெகாவாட் அளவில். கட்டுப்பாட்டுக் கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தைவிட மேலே இருந்தன. சில கற்றைகளின் மேலே சோடியத்தின் வெப்பநிலை ஏறியிருந்தது. பிறகு கதிரியக்க எச்சரிக்கை ஒலித்தது. உலையை நிறுத்தினார்கள். இரண்டு கற்றைகளில் எரிபொருள் உருகியிருந்தது. மீண்டும் தொடர்வினை மூளவில்லை. வெளியே யாருக்கும் தீங்கு நேரவில்லை. காரணம் என்ன என்பது மட்டும் தெரியவில்லை. மாதக்கணக்கில் தேடி, சோடியத்தை வடித்துவிட்டு, நீண்ட குழல் நோக்கியை உள்ளே இறக்கிப் பார்த்தபோது, அடி அறையில் நசுங்கிய பீர் டப்பாவைப் போல ஒரு பொருள் கிடந்தது. தொழிலாளி யாரோ விட்டுச் சென்றதோ என்றுகூடச் சந்தேகம் எழுந்தது. கூம்பின் மேல் பொருத்தியிருந்த ஜிர்கோனியத் தகடு அது. ஓட்டத்தின் விசையில் கழன்று, மேலே எழும் சோடியத்தோடு போய், கற்றைகளின் வாயை அடைத்திருந்தது.

இந்த இடத்தைப் பலமுறை வாசித்தேன். உருகிய எரிபொருளைச் சமாளிப்பதற்காக வைத்த தகடு எரிபொருளை உருக்கிவிட்டது. கேலியாகச் சொல்வதற்கு வசதியான கதைதான். அணு உலை எதிர்ப்பாளர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆதரவாளர்கள், இரண்டு கற்றைகளோடு நின்றுவிட்டதே, அண்டையில் பரவவில்லையே என்பார்கள். இரண்டும் உண்மை. எனக்கு உறுத்தியது வேறொன்று. அந்தத் தகட்டைக் கேட்டவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். மிக மோசமான விபத்தைக் கற்பனை செய்து, அதன் இறுதிக் கட்டத்துக்கு விடை தேடியவர்கள். அந்தக் கட்டத்துக்கு வைத்த பொருள் அன்றாடம் ஓடும் சோடியத்தில் ஆண்டுக்கணக்கில் நனைந்துகொண்டிருக்கும் என்பதை மட்டும் போதிய அளவு யோசிக்கவில்லை. என்றோ ஒரு நாள் வரக்கூடிய விபத்துக்காக வைக்கும் பொருளும் ஒவ்வொரு நாளும் உலைக்குள் இருந்தாக வேண்டும். நான் கடிதத்தில் "ஓர் ஏற்பாடு செய்துவிட்டால் போதும்" என்று எழுதியது எவ்வளவு எளிதான வாக்கியம் என்று அப்போதுதான் புரிந்தது.

ஏழு கற்றைகள்

கல்பாக்கத்து உலையிலும் அடியில் ஏந்துதட்டு இருக்கிறது. கோர் கேட்சர் என்பார்கள். அது ஏழு கற்றைகள் முழுவதும் உருகி விழுவதைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஏன் ஏழு? அறுகோண அடுக்கில் ஒரு கற்றையைச் சுற்றி ஆறு அண்டைக் கற்றைகள் இருக்கும். ஒன்றின் வாய் திடீரென முழுவதும் அடைபட்டால், ஃபெர்மியில் நேர்ந்ததைவிட மோசமாக, அது உருகி, தன் அறுகோண உறையைத் துளைத்து அண்டைக்குள் புகும். ஆனால் அதற்குள் அண்டைக் கற்றைகளின் சோடிய வெப்பநிலையும் பிற அறிகுறிகளும் காட்டிக்கொடுத்து உலை நின்றுவிடும் என்பது அதன் பின்னாலுள்ள நியாயம். ஆகவே ஒன்றும் ஆறும் ஏழு. தவிர, கற்றைகளுக்குள் சோடியம் பல துளைகளின் வழியாக நுழையும்படி செய்திருப்பதால், ஒற்றைத் தகடு எல்லா வாயையும் அடைப்பது எளிதன்று. ஃபெர்மியின் பாடம் அந்தத் துளைகளில் இருக்கிறது.

முழு மையமும் உருகினால் என்ற கேள்விக்கு அங்கே வேறு வகையில் பதில் சொல்லப்பட்டது: அத்தகைய விபத்தில் வெளிப்படும் இயந்திர ஆற்றல் 100 மெகாஜூல் என்று கொண்டு கலனையும் மூடியையும் அமைத்தார்கள். அஷ்வின் குமார், எம். வி. ரமணா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2008இல் அந்த எண் மிகக் குறைவு என்று வாதிட்டார்கள். வடிவமைத்தவர்கள் பக்கத்து வாதம், மையம் முழுவதும் ஒரே நேரத்தில் ஒத்திசைந்து சரியாது, பகுதி பகுதியாகத்தான் குலையும் என்பது. என் கருத்தைக் கேட்டால், நுரைத்தும் உறைந்தும் வழிமாறியும் போகும் பொருளின் போக்கைப் பார்க்கும்போது பகுதி பகுதியாகக் குலையும் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் அந்த நம்பிக்கையை ஒரே எண்ணாகச் சுருக்கும்போது எதிர்க்கேள்வி கேட்பவர்கள் அருகில் இருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். அவர்களை எரிச்சலோடு பார்ப்பது நம் நாட்டில் பழகிப்போய்விட்டது.

மற்ற நாடுகள் விழுவதற்கே வழி அமைத்துக் கொடுக்க முயன்றன. ஜப்பானியர்கள் ஒவ்வொரு கற்றைக்குள்ளும் ஒரு வெற்றுக் குழாயை வைத்து, உருகிய எரிபொருள் பக்கத்தில் தேங்காமல் அதன் வழியாக வெளியேறும்படி திட்டமிட்டு, கஜகஸ்தானில் உள்ள உலையில் சோதித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 2019இல் கைவிட்ட ஆஸ்ட்ரிட் திட்டத்தில், மையத்திலிருந்து ஏந்துதட்டுக்கு நேராக இறங்கும் குழாய்களை வரைந்திருந்தார்கள். குழம்பைத் தடுப்பதைவிடச் சீக்கிரம் வெளியே அனுப்பி, கூடாமல் பார்த்துக்கொள்வது நல்லது என்பது இந்த எண்ணம். எனக்கு இது பிடித்திருக்கிறது. பிடித்த பிறகு, அந்தக் குழாய் அன்றாட ஓட்டத்தில் என்ன செய்யும் என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை. மிஷிகன் தகடு என்னை அப்படிப் பழக்கிவிட்டது.

கடிதத்தை ஒருவழியாகத் திருத்தி முடித்துச் சென்ற ஆண்டு அனுப்பினேன். மாணவனுக்கு இப்போது வேலையும் குடும்பமும் வேறு ஊரில். "நீங்கள் ஆமாம் என்று சொன்னதே எனக்கு நினைவில்லை, சார்" என்று பதில் எழுதியிருந்தான். அதோடு ஒரு கேள்வி: அந்தத் தகட்டை எப்படி வெளியே எடுத்தார்கள்? நல்ல கேள்வி. மேலிருந்து ஒரு குழல் நோக்கியை இறக்கி, சோடியம் நுழையும் குழாயின் வழியாக வேறொரு பக்கத்திலிருந்து வெளிச்சத்தையும் நீண்ட கருவியையும் நுழைத்து, ஒருவர் பார்க்க மற்றவர் அசைத்து, மெல்ல இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள், அது 1968இல். கூம்பின் மேல் மிச்சமிருந்த ஜிர்கோனியத் தகடுகளையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். 1970இல் உலை அவை இல்லாமலே மீண்டும் ஓடத் தொடங்கியது.